வலப்பக்கத்து நாற்பது

பேச்சிராஜா மெத்தையின் இடப்பக்கத்தில் படுத்து, போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ரிமோட்டின் சின்னத் திரையைப் பார்த்தான். இடப்பக்கம் 72 என்று இருந்தது. அது அவன் எடை. வலப்பக்கம் 10 என்று இருந்தது. வலப்பக்கத்தில் யாரும் இல்லை.

காலை ஒன்பதரை மணி. மனைவி சந்தனச்செல்வி ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். மகள் வடிவு பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஜன்னலில் தார்ப்பாயை வெட்டித் தைத்த நீலத் திரை தொங்கியது. வெளியே தூத்துக்குடியின் வெள்ளை வெயில் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருக்க, உள்ளே அறை மட்டும் தொட்டித் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல மங்கலாக இருந்தது. அவன் எழுந்து வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பொம்மை, மடிக்காத சேலை என்று ஏதாவது கிடக்கும் என்று நினைத்தான். விரிப்பைத் தவிர ஒன்றுமில்லை. தலையணையைக்கூட எடுத்துத் தரையில் போட்டான். தானும் இறங்கி நின்றுகொண்டு பார்த்தான். இடப்பக்கம் 0 ஆகியிருந்தது. வலப்பக்கம் 10 அப்படியே இருந்தது.

எடை பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. துறைமுகச் சாலையில் ஒரு தனியார் எடை மேடையில் பதினொரு வருடமாக இரவு வேலை. உப்பு லாரியும் கரி லாரியும் மக்காச்சோள லாரியும் மேடையில் ஏறி நிற்கும். அவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்து சீட்டு அடித்துக் கொடுப்பான். மனுஷன் பொய் சொல்வான், எண் சொல்லாது என்பது அவன் கட்சி. கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்து "நானூறு கிராம் இருக்கும்" என்று சொல்லி, செல்வியிடம் முழங்கையால் இடி வாங்குகிற ஆள்.

காற்று மெத்தை செல்வியின் ஏற்பாடு. போன கார்த்திகையிலிருந்து அவனுக்குப் பகலில் தூக்கம் இல்லை. தூங்காமல் இரவு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னதைச் செல்வி நூறு தடவை சொன்னாள். கடைசியில் பால்துரை அண்ணாச்சியின் மெத்தைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெத்தைக்குள் பஞ்சு கிடையாது, ரப்பர் கிடையாது, இடமும் வலமுமாக இரண்டு காற்றுப் பைகள்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் சின்ன மோட்டார். படுக்கிறவரின் எடையை அதுவே நிறுத்துப் பார்த்து, முதுகுக்குத் தக்கபடி காற்றை ஏற்றும், இறக்கும். "அந்தப் பக்கம் ஆனை வந்து படுத்தாலும் இந்தப் பக்கம் அசையாது தங்கச்சி" என்று பால்துரை சொன்னதில் செல்வி விழுந்துவிட்டாள்.

பொய்யில்லை, இரண்டு மாதம் அசையவில்லை. பகலில் இடப்பக்கம் அவன் தூங்கினான். இரவில் அதே இடத்தில் செல்வி, வலப்பக்கம் வடிவு. திரையில் 61, 24. காலையில் அவன் வந்தால் 72, 0. ஒரே மெத்தையில் மூன்று பேரும் முறை வைத்துத் தூங்கி எழுந்தார்கள், குடும்பமே நன்றாக இருந்தது.

அவன் பால்துரைக்குப் போன் போட்டான்.

"புதுசுல்லா தம்பி, கணக்கு முன்னப்பின்ன காட்டத்தான் செய்யும். ரிமோட்டுல ஜீரோன்னு ஒரு பட்டன் கெடக்கும். அமுக்கிருங்க, சரியாப் போவும். ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. அமுக்கும்போது மேல யாரும் படுத்திருக்கப்படாது. படுத்திருந்தா அந்த ஆளையும் மெத்தையோட சேத்துக்கிடும். அப்புறம் அந்த ஆள் கணக்குலயே வராது."

"தெரியும் அண்ணாச்சி" என்றான் பேச்சிராஜா.

அவனுக்குத் தெரியாததா? போனை வைத்துவிட்டுக் கட்டை விரலை அந்தப் பட்டன் மேல் வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு ரிமோட்டைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்தான். அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் 20.

அன்று மோட்டார் சத்தத்தையும் கேட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து, மூக்கு அடைத்த ஒருவர் சிரமப்பட்டு மூச்சு இழுப்பதுபோல மெல்ல ஆரம்பித்து, வலப்பக்கத்துக் குழாய் வழியாகக் காற்று ஏறிப் பிறகு மனசு மாறியதுபோல இறங்கி, விரிப்புக்குள் ஏதோ தன் இடுப்பையும் தோளையும் சரிசெய்துகொண்டு அமர்வதுபோல ஒரு நீண்ட பெருமூச்சில் போய் அடங்கியது. யாராவது படுத்தால்தான் அந்த மோட்டார் அப்படி ஓடும். படுத்தவர் புரண்டால்தான் நிற்காமல் ஓடும். அது கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது.

சமையலறையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிவந்து வலப்பக்கத்தில் வைத்தான். 45. எடுத்தான். 20. மெத்தை சரியாகத்தான் நிறுக்கிறது. அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அறை நடுவில் நின்றபோதுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. இந்த மெத்தை கிலோ கிலோவாக எண்ணுகிறது. 72, 61, 24. வலப்பக்கத்தில் மட்டும் ஏன் பத்து, இருபது? பத்துப் பத்தாக ஏறுவது லாரி மேடையின் வழக்கம். ஐம்பது டன்னை நிறுக்கிற மேடைக்கு ஒன்றும் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

மூட்டையைத் திரும்ப வைத்துவிட்டு வந்தான். அறையில் ஒரு வாடை வந்தது. புது மெத்தையின் ரப்பர் வாடை இல்லை. நனைந்த சாக்கும், அதற்குள் புளித்துப்போன மக்காச்சோளமும் சேர்ந்த வாடை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாடைதான். ஆனால் அது இந்த வீட்டுக்குள் வர எந்த நியாயமும் இல்லை.

மூன்றாம் நாள் 30.

அன்று அவன் படுக்கவே இல்லை. நாற்காலியை அறை வாசலில் போட்டு உட்கார்ந்து மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு மாதா கோவில் மணி அடித்தது. மீன்காரர் கூவிக்கொண்டு போனார். எதிர் வீட்டில் யாரோ குக்கரைத் திறந்தார்கள். இவ்வளவு சத்தமும் மனுஷ நடமாட்டமும் இருக்கிற பகலில் பயப்படுவதற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது. பேய்க்கும் ஒரு நேரம் காலம் உண்டு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறான். மதியம் வெயில் ஜன்னல் திரையின் ஓரத்தில் கசிந்து மெத்தை மேல் விழுந்தபோது, வலப்பக்கத்து விரிப்பில் ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. சின்ன ஆள். பக்கவாட்டில், முழங்காலை மடக்கி, அவன் படுக்கும் பக்கத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் ஆள்.

நாலாம் நாள் காலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது செல்வி தலை சீவிக்கொண்டே சிரித்தாள்.

"ஏங்க, உங்க மக ஒரே ராத்திரில வளந்துட்டா. அறுபத்துநாலு கிலோவாம்."

"என்னது?"

"மெத்தை காட்டுது. விடியக்காலம் முழிப்பு வந்து பாக்கேன், எம் பக்கம் அறுபத்தொண்ணு, அவ பக்கம் அறுபத்துநாலு. பால்துரை அண்ணாச்சி நல்லா நம்ம தலைல கட்டிட்டாவ."

அறுபத்துநாலில் இருபத்துநாலு போனால் நாற்பது. பேச்சிராஜாவுக்கு இந்தக் கழித்தலைச் செய்ய யோசிக்கவே வேண்டியதில்லை. கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

வடிவு சீருடையோடு சுவரில் சாய்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். "யம்மா, எனக்கு அந்தப் பக்கம் எடமே இல்ல. நான் ஓரத்துலதான் படுத்தேன். விழுந்துருவேன்."

"அம்புட்டு மெத்தைல எடம் இல்லையாளா உனக்கு?"

"இல்ல. ஈரமாவும் இருக்கு."

செல்வி அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. போய்ப் படுங்க முதல்ல" என்றாள். அவன் தலையாட்டினான். கதவு சாத்தியபிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். இந்த மெத்தையில் இனிமேல் பிள்ளையைப் படுக்க வைக்காதே என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். செல்வி ஏன் என்று கேட்காமல் விடுகிற பெண் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த நாற்பதைச் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகை மாசத்து மழை. இரவு மூன்று மணி. மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் சாலை முழுக்க வரிசையில் நின்றன. ஒவ்வொரு லாரியும் மேடையை விட்டு இறங்கும்போது கொஞ்சம் சோளம் சிந்தும். அதைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போவதற்கு பிலோமி என்று ஒரு அம்மாள் திரேஸ்புரத்திலிருந்து வருவாள். வீட்டில் கோழி வளர்த்தாள். மேடையில் ஏறுவதற்கு முன்னால் கண்ணாடியைத் தட்டி, "பெருக்கிக்கிடட்டா தம்பி?" என்று கேட்பாள். இறங்கியபிறகு, "ஆச்சு தம்பி" என்பாள். இடையில் கேட்பது அவளுடைய ஈர்க்கு வாரியல் இரும்பு மேடையைப் பெருக்கும் சத்தம் மட்டும்தான்.

அன்று மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மழைக் குளிரில் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது. லாரி இறங்கிய பிறகும் மேடையின் எண் பலகையில் 40 நின்றது. மேடை காலியாக இருக்கும்போது இப்படி ஏதாவது எண் நிற்பது வழக்கம்தான். மழைத்தண்ணீர், சேறு, சிந்திய சரக்கு. எண் பூஜ்யமாகாமல் பச்சை விளக்கு எரியாது; பச்சை எரியாமல் அடுத்த லாரி ஏறாது. பின்னால் எட்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதை அவனும் செய்தான். நிமிர்ந்து பார்க்காமல் ஜீரோ அடித்தான். பச்சை எரிந்தது. அடுத்த லாரி ஏறியது, நின்றது, இறங்கியது.

இறங்கிய பிறகு பலகை -40 என்று காட்டியது.

கழித்தல் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பூஜ்யம் அடிக்கும்போது மேடையில் இருந்த ஒன்று இப்போது மேடையில் இல்லை. அப்போதுதான் அவன் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தான்.

விசாரணையில் டிரைவர், "பச்சை எரிஞ்சுது சார்" என்று அழுதார். அது உண்மை. பேச்சிராஜா, "மேடை காலியாத்தான் இருந்துச்சு சார், ஜீரோதான் காட்டிச்சு" என்றான். அதுவும் ஒரு வகையில் உண்மை. அந்த ஜீரோ எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. டிரைவரின் லைசென்ஸ் போயிற்று. முதலாளி கேமரா வைக்கிறேன் என்றார், இன்னும் வைக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சிராஜா ஒவ்வொரு முறையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஜீரோ அடித்தான். பகல் வேலை பார்க்கிற முத்துச்செல்வம்கூடக் கேலி பண்ணினான். "என்னண்ணே, மேடைய வலம் வாரியளாமே ராத்திரில?"

பேச்சிராஜா தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனான். வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. ரிமோட்டை நிமிர்த்தினான். 0, 40.

ஏறுவதற்கு இனி ஒன்றும் மிச்சம் இல்லை. முழுசாக வந்து படுத்துவிட்டது.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். ஜன்னல் திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டுவிட்டுப் பார்த்தான். விரிப்பு இருந்தது, பள்ளம் இருந்தது, ஆள் இல்லை. கையை நீட்டிப் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோனான். தொட முடியவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோலக் குளிர் வந்தது.

'யாரும் இல்லை' என்று சொல்லிக்கொண்டான். இந்தத் தடவை கண்ணாடி கிடையாது, மழை கிடையாது, நன்றாகப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன்.

ஜீரோவை அமுக்கினான்.

மோட்டார் ஒரு தடவை இழுத்து நின்றது. திரையில் 0, 0. விரிப்பு மெல்ல உயர்ந்து பள்ளம் நிரவியது. வாடைகூடப் போய்விட்டது. அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு ஏறிப் படுத்தான். ஐந்து மாதத்தில் முதல் முறையாக, இடையில் விழிக்காமல் சாயங்காலம் வரை தூங்கினான்.

அடுத்த மூன்று நாளும் தூங்கினான். ரிமோட் திரை ஒழுங்காக இருந்தது. இரவில் 61, 24. பகலில் 72, 0. "இப்பந்தான் மனுஷ மூஞ்சி வந்திருக்கு" என்றாள் செல்வி. அவன் அவளுக்குப் பிடித்த மக்ரூன் வாங்கிவந்தான். வடிவு இன்னும் ஓரத்தில்தான் படுக்கிறாள் என்பதை செல்வி ஒரு பேச்சுக்குச் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்தால் லேசில் போகாது என்று அவனும் சொன்னான்.

திங்கட்கிழமை வடிவுக்கு முழுப்பரீட்சை லீவு ஆரம்பித்தது. மதியச் சாப்பாடு முடிந்து அவளும் அவனோடு வந்து படுத்தாள். கதை சொல்லச் சொன்னாள். அவன் பாதிக் கதையில் தூங்கிப்போனான்.

சத்தம் கேட்டு விழித்தான்.

சரக். சரக்.

அறை வாசலுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, இரண்டு இழுப்பு இழுத்து, நிறுத்தி, எதையோ குனிந்து அள்ளுவதுபோலக் கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு இழுப்பு. செல்வி வந்துவிட்டாளா என்று நினைத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலரை. செல்வி வர ஒன்பதாகும். அவர்கள் வீட்டில் இருப்பது பூந்துடைப்பம். அது இப்படிச் சத்தம் போடாது.

திரும்பிப் பார்த்தான். வடிவு விளிம்பில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. அவன் ரிமோட்டை எடுத்தான்.

72.

-16.

முதலில் புரியவில்லை. பிள்ளை படுத்திருக்கிறாள். 24 இருக்க வேண்டும். கழித்தல் பதினாறு எங்கிருந்து வந்தது? பிறகு அவன் மூளை, பதினொரு வருடப் பழக்கத்தில், அவனைக் கேட்காமலே கணக்குப் போட்டது. இருபத்துநாலில் நாற்பது போனால் கழித்தல் பதினாறு.

அப்படியென்றால் மூன்று நாளும் அது இங்கேதான் இருந்தது. அவன் பக்கத்தில். பூஜ்யமாக. ராத்திரியில் வடிவோடு.

இப்போது எழுந்துவிட்டது.

சரக். சரக்.

சத்தம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. தரையில் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றியது. வடிவின் பக்கம் போனது. அங்கே நின்றது.

அவன் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். செருப்பு போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. பாதத்தில் ஏதோ குத்தியது. கூடம் முழுக்க ஓரம் ஓரமாகக் குவித்து வைத்திருந்தது, ஈர மக்காச்சோளம்.

பைக்கில் வடிவைப் பின்னால் உட்காரவைத்தான். "எங்கப்பா போறோம்?" என்றாள் தூக்கக் கலக்கத்தில். "அம்மாட்ட. கெட்டியாப் பிடிச்சுக்கோ." ஜவுளிக்கடைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்சக்கரம் மட்கார்டில் உரசியது. இருபத்துநாலு கிலோ பிள்ளைக்கு அது உரசாது. செல்வி உட்கார்ந்தால்தான் உரசும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியப்போவதில்லை, மெத்தையில் தெரியாத மாதிரிதான். அது வீட்டிலேயே நின்றுவிட்டதா, கூட வந்துவிட்டதா? இது தெரியாமல் செல்வியிடம் எப்படிப் போவது? கூட வந்திருந்தால் அவளிடமே அல்லவா கொண்டுபோய் விடுகிறோம்? வேறு ஒருவனாக இருந்தால் கோவிலுக்குப் போயிருப்பான். அவனுக்கு நம்பிக்கை உள்ள இடம் ஒன்றுதான் இருந்தது. பைக்கை வலப்பக்கம் திருப்பித் துறைமுகச் சாலையில் விட்டான்.

எடை மேடையில் லாரி எதுவும் இல்லை. கண்ணாடி அறை சாத்தியிருந்தது. முத்துச்செல்வம் உள்ளே செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான். உப்புத் தூசி அப்பிய கண்ணாடியில் மேற்கு வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. பைக்கைச் சாலையோரம் போட்டுவிட்டு, வடிவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு மேடையின் நடுவுக்குப் போனான். இரும்புத் தகடு வெறுங்காலைச் சுட்டது.

ஒரு நிமிஷம் போதும். எழுபத்திரண்டும் இருபத்துநாலும் தொண்ணூற்றாறு. மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். 100 என்று காட்டினால் நாங்கள் இரண்டு பேர். போய்விடலாம்.

மேலே பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

140.

"வா, போவோம்" என்று வடிவை இழுத்தான். அவள் அசையவில்லை. மறுபடி இழுத்தான். வேரோடு நடப்பட்டதுபோல நின்றாள். தூக்கப் பார்த்தான். இருபத்துநாலு கிலோ. அரிசி மூட்டையைவிடக் குறைவு. தூக்க முடியவில்லை.

"யப்பா" என்றாள் வடிவு. அவளுடைய வலது கை பக்கவாட்டில் லேசாக உயர்ந்து, ஒன்றுமில்லாத காற்றில் நின்றுகொண்டிருந்தது. "இந்த ஆச்சி ஏன் என் கையை விட மாட்டேங்காவ?"

சாலையிலிருந்து உப்பு லாரி ஒன்று திரும்பி மேடை முகப்பில் வந்து நின்றது. டிரைவர் முகத்துக்கு நேரே சாயங்கால வெயில். கண்ணைச் சுருக்கி, கையால் வெயிலை மறைத்து, விளக்கை மட்டும் பார்த்தார். விளக்கு சிவப்பு. ஹாரன் அடித்தார்.

"லே முத்துச்செல்வம்!" பேச்சிராஜா கத்தினான். "நிமிந்து பாருலே! மேடைல நாங்க நிக்கோம்லே! அடிக்காத!"

கண்ணாடிக்குள் ஏசி ஓடும் சத்தம். ஹாரன் மறுபடி. பின்னால் இன்னொரு லாரி. இன்னொரு ஹாரன்.

அவன் கத்திக்கொண்டே இருந்தான். காலி மேடை, பலகையில் ஏதோ எண், வெளியே வரிசை. உள்ளே இருப்பவன் என்ன செய்வான் என்று பேச்சிராஜாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வடிவின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பலகையைப் பார்த்தான். 140.

140.

0.

பச்சை விளக்கு எரிந்தது.